குறை ஒன்றா, இரண்டா?

“பையன் கொஞ்சம் மந்தம்.” இந்த மூன்று சொற்களோடு எத்தனையோ வீடுகளில் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லையா? மந்தம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லையா? மந்தம். மற்றப் பிள்ளைகளோடு சேராமல் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறானா? அதுவும் மந்தந்தான். ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரு பூட்டு திறக்கப்படாமலே கிடக்கிறது.

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு ஆட்டிசம் என்னும் மற்றொரு நிலையும் உடனிருக்கிறது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுவர். முதற் குறை தெரிந்தவுடன் இரண்டாவதைத் தேடாமல் விட்டுவிடுவது உலகெங்கும் நடக்கும் பிழை. அதை எவ்வாறு தேடுவது, தேடுவதிலுள்ள இடர் யாது, தேடிக் கண்டதனால் ஆகும் பயன் என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவ மாணவன் அல்லன், அறிவியல் பயில்பவன். மொழிபெயர்ப்பாளனாக நான் செய்த ஒரு பிழைதான் என்னை இப்பொருளில் இறக்கியது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரு நிலைகள்

முதலில் இவ்விரண்டும் வேறு வேறு என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது புரிந்துகொள்ளுதல், கற்றல், காரணம் காணுதல் ஆகிய ஆற்றல்கள் வயதுக்கு ஏற்ப வளராமை. அறிவுச் சோதனையில் ஏறத்தாழ 70க்குக் கீழ் மதிப்பெண் வருவது இதற்கு ஓர் அடையாளம். ஆனால் அந்த எண் மட்டும் போதாது. உண்ணல், உடுத்தல், காசு எண்ணல், தெருவைக் கடத்தல் முதலிய அன்றாடச் செயல்களிலும் பின்தங்கல் இருக்கவேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும்.

ஆட்டிசம் வேறு. அதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, பிறரோடு உறவாடுதலிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்ளுதலிலும் உள்ள குறை. மற்றொன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் பொறாமல் துடித்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ குறைந்தோ உணர்தல் போன்றவை. பட்டம் பெற்று வேலை பார்க்கும் ஆட்டிசம் உடையோரும் உண்டு. ஆகவே, ஆட்டிசம் என்றால் அறிவுக் குறைவு என்பதும் தவறு. அறிவுக் குறைவு என்றால் ஆட்டிசம் இராது என்பதும் தவறு.

இரண்டும் சேர்ந்து வருவது அரிதன்று. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அறிவுச் சோதனை மதிப்பெண் தெரிந்த எட்டு வயது ஆட்டிசக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் 70 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தனர்.

நிழலில் மறைந்த குறை

ஆட்டிசத்தைத் தனி நிலையாக 1943ஆம் ஆண்டில் விரிவாக எழுதியவர் லியோ கேனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தைகள் உளமருத்துவராக இருந்தவர். அவர் எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. எட்டு ஆண்கள், மூன்று பெண்கள். அவர்களுட் பலர் அதற்குமுன் அறிவு குன்றியவர் என்று எண்ணப்பட்டவர்கள். சிலர் செவிடர் என்று கருதப்பட்டவர்கள். இவர்களுக்கு உள்ளே நல்ல அறிவாற்றல் இருக்கிறது என்று கேனர் நம்பினார். அந்த நம்பிக்கையால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. ஆட்டிசம் தனி நிலை என்று உலகம் அறிந்தது நன்மை. உண்மையாகவே அறிவு குன்றிய குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கமுடியாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது தீமை.

அந்த எண்ணத்தை அசைத்தவர்கள் இலண்டனைச் சேர்ந்த லோர்னா விங், ஜூடித் கோல்ட் என்னும் இரு பெண்மணிகள். விங் உளமருத்துவர், ஆட்டிசம் உடைய மகளைப் பெற்ற தாய். கேம்பர்வெல் என்னும் பகுதியில் வாழ்ந்த, குறைபாடு உடைய குழந்தைகளைத் தேடித் தேடி ஆராய்ந்து இருவரும் 1979இல் முடிவை வெளியிட்டனர். அறிவுக் குறைவு கடுமையாக ஆக, பிறரோடு உறவாடும் ஆற்றலில் குறை காணப்படுவதும் மிகுதியாயிற்று என்பது அவர்கள் கண்டது. அக்குறையும் ஒரே வடிவில் இல்லை. ஒதுங்கியே இருப்போர் உண்டு. பிறர் வந்தால் ஏற்றுக்கொண்டு தாமாக முன்வராதோர் உண்டு. தாமே வலிய வந்து பொருந்தாத முறையில் பழகுவோரும் உண்டு. ஒதுங்கியிருப்பவனை மட்டும் தேடினால் மற்ற இருவரையும் தவறவிடுவோம்.

இங்ஙனம் தவறவிடுதலுக்கு ஒரு பெயரும் ஏற்பட்டது. ஒரு நோய்முடிவின் நிழல் மற்றொன்றை மறைத்துவிடுகிறது என்று 1982இல் ஸ்டீவன் ரைஸ் என்னும் உளவியலாரும் அவருடைய துணைவர்களும் எழுதினர். மரத்தடி நிழலில் நிற்பவனின் சொந்த நிழல் தரையில் தெரியாது. அதற்காக அவனுக்கு நிழலே இல்லை என்று சொல்லலாமா?

எந்த வயதோடு ஒப்பிடுவது?

இனி, கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். ஒரு குழந்தைக்கு ஏழு வயது. ஆனால் வளர்ச்சிச் சோதனைப்படி அவன் மனவயது மூன்று என்று வைத்துக்கொள்வோம். அவன் நண்பர்களோடு கட்சி பிரித்து விளையாடுவதில்லை. இது ஆட்டிசத்தின் அறிகுறியா? அன்று. மூன்று வயதுக் குழந்தை எதுவும் அவ்வாறு விளையாடாது. ஆனால் அவன் தன் பெயருக்குத் திரும்புவதில்லை. ‘அதோ பார்’ என்று எதையும் காட்டுவதில்லை. தாய் ஒரு திசையில் நோக்கினால் அத்திசையில் தானும் நோக்குவதில்லை. இவை பெரும்பாலான குழந்தைகளிடம் ஒரு வயதை ஒட்டித் தோன்றும் செயல்கள். மூன்று வயது மனம் உடையவனிடம் இவை இருக்கவேண்டும். இல்லையெனில், அறிவு வளர்ச்சிக் குறைவு ஒன்றினால் மட்டும் அதை விளக்கிவிட முடியாது.

ஒப்பிட வேண்டியது பிறந்தநாள் காட்டும் வயதோடு அன்று, மனம் வளர்ந்துள்ள வயதோடு. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இதையே விதியாகச் சொல்கிறது. குழந்தையின் பொதுவான வளர்ச்சி நிலைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவையும் விடச் சமூக உறவாடல் குறைந்திருந்தால்தான் இரண்டு முடிவுகளையும் சேர்த்துக் கூறவேண்டும்.

எதிர்ப்புறமும் பிழை நேரலாம். ஒரு குழந்தையின் மனவயதே ஒரு வயதுக்கும் குறைவாக இருந்தால், அது விரல் நீட்டிக் காட்டாததும் பொம்மைக்குச் சோறூட்டி விளையாடாததும் இயல்பே. உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல், கைகளை உதறுதல் ஆகியவை ஆட்டிசம் இல்லாத, கடுமையான அறிவுக் குறைவுள்ள குழந்தைகளிடமும் காணப்படும். அவற்றை மட்டும் கண்டு ஆட்டிசம் என்று முடிவு கட்டுவது அவசரம். இத்தகைய குழந்தைகளிடம் வேறொன்றைப் பார்க்கவேண்டும். தாயைக் கண்டால் முகம் மலர்கிறதா? கொஞ்சினால் எதிர் ஒலி எழுப்புகிறதா? மனிதர் முகம் அதற்கு மகிழ்ச்சி தருகிறதா? டௌன் நோய்க்குறி உடைய குழந்தைகளுட் பலர் அறிவில் பின்தங்கியிருந்தாலும் முகம் பார்த்துச் சிரிப்பதிலும் பிறர் செய்வதைப் போலச் செய்து காட்டுவதிலும் ஆர்வமுடையவர்கள். அவர்களுள் ஒருவன் அவ்வாறு இல்லாதபோது, ‘டௌன் நோய்க்குறியல்லவா, அப்படித்தான் இருப்பான்’ என்று விட்டுவிடுதல் கூடாது.

மனவயதை அளப்பதும் எளிதன்று. ஆட்டிசம் உடையவனின் ஆற்றல்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். பத்து மரக்கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் செகுவின் பலகையைக் கொடுத்தால் விரைவாகப் பொருத்திவிடுவான். ‘கட்டையை என்னிடம் கொடு’ என்றால் புரியாமல் நிற்பான். பேச்சைக் கொண்டு மட்டும் அளந்தால் அவன் அறிவு உள்ளதினும் குறைவாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் முன்பாகக் காது கேட்கிறதா என்று சோதித்தாகவேண்டும். கேளாத காதுக்கு எந்தப் பெயரிட்டு அழைத்தும் பயனில்லை.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு இங்கே ஐதராபாத்தில், கட்டட வேலைக்காக வந்திருந்த தருமபுரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு மொழிபெயர்க்க ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். பையனுக்கு ஏழு வயது. சிறப்புப் பள்ளி ஒன்றில் சேர்த்திருந்தனர். ‘மனவளர்ச்சி குன்றியவன்’ என்று முன்பே வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் தன் கையைக் கடித்துக்கொள்கிறான் என்பதற்காகவே இப்போது அழைத்து வந்திருந்தனர். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குத் தமிழன்றி வேறு தெரியாது. வினாப்படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

“வானத்தில் விமானம் போனால், உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுவானா?” என்பது வினாவின் கருத்து. நான் அதைச் சுருக்கி, “எதையாச்சும் காட்டுவானாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“காட்டுவான் தம்பி. வேணுங்கறத எல்லாம் காட்டுவான்” என்றார் அந்த அன்னை.

‘ஆம்’ என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் உடனே எழுதவில்லை. எப்படிக் காட்டுவான் என்று செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அந்த அம்மையார் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மேசைமேலிருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடிமீது என் கையை வைத்தார். “இப்படித்தான் தம்பி. என் கையப் புடிச்சு மூடிமேல வெப்பான். மூஞ்சியப் பாக்கமாட்டான்.”

நான் ‘ஆம்’ என்று சொன்ன விடை ‘இல்லை’ என்று மாறியது. விரல் நீட்டுதலில் இரண்டு வகை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். தனக்கு வேண்டியதைப் பெற நீட்டுவது ஒன்று. தான் கண்டு வியந்ததைப் பிறரும் காணவேண்டும் என்று நீட்டுவது மற்றொன்று. ஆட்டிசத்தில் பெரிதும் குறைவது இரண்டாவது. பிறர் கையை ஒரு கருவிபோல எடுத்துப் பயன்படுத்துவதோ ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்று. தாய் பொய் சொல்லவில்லை. என் வினாவிலேதான் கோணல் இருந்தது.

அன்னையார் இன்னொன்றும் கேட்டார்: “வூட்ல தமிழு, தெருவுல தெலுங்கு, இஸ்கூல்ல இந்தி. அதுலதான் கொழம்பிட்டானா தம்பி?” புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் பலரிடம் இந்த எண்ணம் இருக்கிறது. பல மொழிகள் காதில் விழுவதால் ஆட்டிசம் வருவதில்லை. அறிவு வளர்ச்சி குன்றுவதும் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தால், ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அதுதான் இழப்பு.

வினாப்பட்டியல்கள்

தேடுவதற்குப் பல பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் எதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது. எம்-சாட் எனப்படுவது 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குரியது. திருத்திய வடிவில் 20 வினாக்கள். மூன்று முதல் ஏழு வரை மதிப்பெண் வந்தால், மீண்டும் விளக்கமாகக் கேட்டு விடைகளைச் சரிபார்க்க வேண்டும். எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேரே முழு ஆய்வுக்கு அனுப்பலாம். எஸ்.சி.க்யூ. என்பது நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு, 40 வினாக்கள், 15 மதிப்பெண் எல்லைக்கோடு. ஆனால் மனவயது இரண்டாவது இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்நிபந்தனையை மறந்து எல்லாரிடமும் வீசினால், வலையில் வேண்டாதவையும் விழும்.

நம் நாட்டில் ஆக்கப்பட்ட அளவுகோலும் உண்டு. ஐ.எஸ்.ஏ.ஏ. எனப்படும் அதனை உருவாக்கியது, நம் அண்டையிலுள்ள செகந்தராபாத்தில் 1984இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம். அறிவுசார் குறைபாடு உடையோருக்கென்றே அந்நிறுவனம் தொடங்கப்பட்டது. சமூக உறவு, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலனுணர்வு, அறிதல் என ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஆகவே மிகக் குறைந்த மொத்தமே 40. 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. இது வெறுந் தேடலுக்கு அன்று; பயிற்சி பெற்றவர் குழந்தையை நேரில் கண்டும் பெற்றோரைக் கேட்டும் மதிப்பிடுவதற்கு உரியது. அரசுச் சான்றிதழுக்கான மதிப்பீட்டிலும் இடம்பெற்றது.

ஒரு கற்பனைக் கணக்கு

தேடல் வேறு, முடிவு வேறு என்பதை எண்களால் காட்டலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வினாப்பட்டியல் ஆட்டிசம் உள்ளவர்களுள் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கிறது. இல்லாதவர்களுள் நூற்றுக்கு 30 பேரையும் தவறாகப் பிடிக்கிறது என்க. ஒரு சிறப்புப் பள்ளியில் 100 குழந்தைகள்; அவர்களுள் 30 பேருக்கு ஆட்டிசம். பட்டியல் இவர்களுள் 24 பேரைப் பிடிக்கும். மற்ற 70 பேருள் 21 பேரையும் பிடிக்கும். பிடிபட்ட 45 பேரில் 24 பேர் உண்மையானவர். ஆறு பேர் தப்பிவிடுவர்.

அதே பட்டியலை 1000 பொதுக் குழந்தைகளிடம் கொண்டு செல்வோம். அவர்களுள் 10 பேருக்கு ஆட்டிசம் எனின், எட்டுப் பேர் பிடிபடுவர்; தவறாகப் பிடிபடுவோரோ 297 பேர்! ஆக, தேடல் மிகுந்த பயன் தருவது சிறப்புப் பள்ளி போன்ற இடங்களிலேதான். ஆனால் அங்கேயும், பிடிபட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆட்டிசம் இல்லாதவர்; தப்பியவரும் உளர். ஆகவே மதிப்பெண் கூடினால் ‘ஆட்டிசம்’ என்று சொல்லாதீர். ‘நன்றாகப் பார்க்கவேண்டும்’ என்று சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் ஐயம் இருந்தால் மறுபடியும் பாருங்கள்.

அறிந்து ஆவது என்ன?

“ஒரு பட்டம் போதாதா? இன்னொன்று எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்திய ஏழு குறைபாடுகளுள் மனவளர்ச்சிக் குறைவு இருந்தது, ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளுள் இரண்டும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கும்போது நாம் ஏன் கலந்து பார்க்கவேண்டும்?

சட்டத்தினும் பெரிது அன்றாட வாழ்வு. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைக்குப் பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கி, பன்முறை சொல்லிக் கொடுக்கவேண்டும். ஆட்டிசமும் இருந்தால் அது போதாது. சொல்லுக்குப் பதில் படம் வேண்டும்; அடுத்து வருவது என்ன என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும்; இரைச்சல் குறையவேண்டும்; பிறரோடு சேர்ந்து நோக்குவதையே ஒரு பாடமாகக் கற்பிக்கவேண்டும். இரண்டாவது குறையை அறியாத ஆசிரியர் கண்ணுக்கு, அச்சத்தால் கத்துபவன் அடங்காப்பிள்ளையாகத் தெரிவான்.

நான் சொன்ன பையனுக்கு முழு ஆய்வுக்குப் பின் இரண்டும் உண்டு என்று முடிவாயிற்று. இப்போது பள்ளியில் அவனை மணிக்குத் தொலைவில் அமர்த்துகிறார்கள். மணி அடிக்கும் முன் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். தண்ணீர், சோறு, வெளியே போதல் என்று மூன்று அட்டைகள் அவன் கழுத்தில் தொங்குகின்றன. கையைக் கடிப்பது நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. ஒருநாள் தண்ணீர் அட்டையை எடுத்துத் தன் கையில் கொடுத்தான் என்று அவன் தாய் வந்து சொன்னபோது, ஏதோ பரிசு வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

மன்றத்து நண்பர்களே! மொழி தெரியாத ஊரில் நம் மக்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போது நம்மைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அழைத்தால் செல்லுங்கள். வினாவைச் சுருக்காமல் முழுதாகச் சொல்லுங்கள். தாயின் விடையையும் முழுதாகச் சொல்லுங்கள். ‘ஆம்’ என்ற விடையோடு நில்லாமல், ‘எப்படி, செய்து காட்டுங்கள்’ என்று கேட்க இடம் கொடுங்கள். “மந்தம்” என்று எழுதிய தாளை யாரேனும் நீட்டினால், அதற்கு மேலும் ஒரு வினா உண்டு என்பதை நினைவூட்டுங்கள். நான் விழுங்கிவிட்ட சில சொற்களால் ஒரு பிள்ளையின் வழி அடைபட இருந்தது. அப்பிழை உங்களுக்கு நேரவேண்டா.